பெரகலச் சந்தி: சுருங்கிய தொலைவும் கிட்டாத நிலமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைக் கடந்த பின்னர் மலைச்சரிவின் விளிம்பிலே இரண்டாகப் பிரிகின்றது. அவ்விடமே பெரகல. ஒரு கிளை கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி மட்டக்களப்பை நோக்கிச் செல்கின்றது. மற்றையது அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை, தெமோதரை ஆகிய ஊர்களைத் தொட்டு, ஹாலிஎலவிலே பதுளை வீதியுடன் இணைகின்றது. சந்தியில் நின்று தெற்கே நோக்குபவருக்குத் தாழ்நிலம் கடல்வரை விரிந்து கிடக்கும். வடக்கே திரும்புபவருக்குத் தேயிலை மலைகள் சுவரென எழுந்து நிற்கும். சில கடைகளும் ஒரு பேருந்துத் தரிப்பிடமும் கொண்ட இச்சிற்றிடத்தைப் பெரும்பாலான பயணிகள் ஒரு வளைவு என்ற அளவிலேயே அறிவர்.

எனினும், தொழில்நுட்பம் ஊர்களை எவ்வாறு ஆக்குகின்றது, எவ்வாறு அழிக்கின்றது என்பதை ஆராய்வோருக்கு இச்சந்தியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2020 ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்று உலகின் பெருநகர் அலுவலகங்களை மூடியபோது, வீட்டிலிருந்தே பணிபுரிதல் கோடிக்கணக்கானோரின் வழக்கமாயிற்று. அமெரிக்காவின் தொழில்களுள் ஏறத்தாழ 37 சதவீதம் முற்றாக வீட்டிலிருந்தே செய்யத்தக்கவை என ஜொனதன் டிங்கல், பிரென்ற் நீமன் என்னும் பொருளியலாளர் இருவர் அவ்வாண்டிலேயே கணித்துக் கூறினர். வேலை அலுவலகத்தை விட்டு நீங்குமாயின் மாநகர் தன் மதிப்பை இழக்குமா, சிற்றூர்களின் நிலம் விலையேறுமா என்னும் வினாக்கள் அன்று தொட்டு விவாதிக்கப்பட்டு வருகின்றன. இவ்வினாக்கள் புதியனவாகத் தோன்றினும், ஊவா மலைநாட்டைப் பொறுத்தவரை அவை நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையவை. தொலைவிலிருந்து நடத்தப்பட்ட தொழிலே இம்மலைநாட்டின் இன்றைய நகரங்களைப் பெரிதும் உருவாக்கிற்று. வண்டிப் பாதை, புகையிரதம், தந்தி, மோட்டார் வாகனம், இணையம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த சாதனங்கள் யாவும் தொலைவைச் சுருக்கின. தொலைவு சுருங்கச் சுருங்க நிலத்தின் பெறுமதி உயர்ந்தது. உயர்ந்த பெறுமதி யார் கைக்குச் சென்றது என்பதைத் தீர்மானித்தது சாதனமன்று, நிலவுரிமையே. இவ்வுண்மையைப் பெரகலயைச் சூழ்ந்த ஊர்களின் வரலாற்றைக்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டிப் பாதைக் காலம்

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817–1818 ஆண்டுகளில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்ட பின்னர், இப்பிரதேசம் நெடுங்காலம் அரசின் கவனத்துக்கு அப்பாற்பட்டுக் கிடந்தது. அதனை மீண்டும் கவனத்துக்குக் கொணர்ந்தது கோப்பியாகும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்குரியவையெனக் கொள்ள வழிவகுத்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் மலைச்சாரல்களைப் பயன்படுத்திவந்த சிங்களக் கிராமத்தவரிடம் எழுத்து மூலமான உறுதி இருக்கவில்லை. அவர்கள் வழக்காற்றால் அனுபவித்துவந்த மலை, சட்டத்தின் முன்னே உரிமையாளரற்ற நிலமாயிற்று. அத்தகைய நிலம் தொடக்கத்தில் ஏக்கருக்கு 5 சிலிங் விலையில் விற்கப்பட்டது. 1844 இல் அடிப்படை விலை 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. ஊவாவின் நில வரலாற்றிலே முதன்முதலில் நிலமிழந்தோர் இக்கிராமத்தவர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது.

நிலம் மலிவாயிருந்தும் ஊவாவின் கோப்பித் தோட்டங்கள் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களைவிடப் பின்தங்கியே நின்றன. இதற்குக் காரணம் தொலைவாகும். பதுளை, அப்புத்தளைப் பகுதிகளிற் பறித்த கோப்பி மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டு மலையிறங்கவேண்டியிருந்தது. இரத்தினபுரிப் பக்கமாக இறங்கிய வண்டிகளுக்கு ஹல்துமுல்லை வழியே வாயிலாக அமைந்தது. வாரக்கணக்கில் நீடித்த அப்பயணத்தில் மழை, சேறு, மாட்டு நோய், வண்டிக்காரர் கூலி ஆகிய அனைத்தும் கோப்பியின் விலையில் ஒரு பங்கை விழுங்கின. ஏறிவரும் வண்டிகள் தொழிலாளருக்கு வேண்டிய அரிசியைச் சுமந்து வந்தன. இக்காலத்திலே வண்டிகள் தரித்து மாடுகள் இளைப்பாறிய இடங்களே ஊர்களாக வளர்ந்தன. மாட்டின் நடைவேகமே ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை நிர்ணயித்தது எனலாம்.

1869 இல் இரு நிகழ்ச்சிகள் இந்நிலையை மாற்றின. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டமை ஒன்று. அதனால் இலங்கைக்கும் ஐரோப்பாவுக்கும் இடைப்பட்ட கடல்வழி குறுகிற்று. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பியிலையில் செம்மஞ்சட் புள்ளிகள் முதன்முதலாகக் காணப்பட்டமை மற்றையது. அவ்விலைநோய் பதினைந்தாண்டுகளுள் இலங்கையின் கோப்பித் தொழிலை வீழ்த்திற்று. தோட்டங்களுக்குப் பெருமளவிற் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884 இல் முறிந்தது. கடன்பட்ட தோட்டக்காரர் பலர் நிலத்தைக் கிடைத்த விலைக்குக் கைவிட்டனர். விலை வீழ்ந்த அந்நிலத்தை வாங்கக் காத்திருந்தோர் வேறு வகையினர். அவர்களது மூலதனமும் வேறு வகையானது.

புகையிரதம் தெரிந்தெடுத்த ஊர்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்கான இருப்புப் பாதை 1867 இல் நிறைவுற்றது. அதிலிருந்து பிரிந்த மலைநாட்டுப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. அங்கே அது எட்டாண்டுகள் தயங்கி நின்றது. கோப்பி வீழ்ந்து அரசிறை சுருங்கியிருந்த அக்காலத்தில், உயரமான மலைத்தொடரைக் குடைந்து ஊவாவுக்குப் பாதை அமைப்பது வீண்செலவென எதிர்ப்போர் வாதித்தனர். புகையிரதம் வராவிடின் ஊவா வளராதெனத் தோட்டக்காரர் வாதித்தனர். ஆதர் கோடன் ஆளுநராயிருந்த காலத்தில், 1886 இல், ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. பின்னர் பாதை பட்டிப்பொலவுக்கருகே 1,898 மீற்றர் உயரத்தைத் தொட்டு, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன வழியாக இறங்கி, 1893 இல் அப்புத்தளையை அடைந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளை நிலையம் திறக்கப்பட்டது. அதற்கப்பால் பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும், பாதை தன்னைத்தானே சுற்றித் தனக்கு அடியாலேயே செல்லும் தெமோதரை வளையமும் அக்கடைசிப் பகுதிக்கு உரியவை. 1924 இலேயே பதுளைக்குப் புகையிரதம் வந்தது.

இப்பாதை பெரகல வழியாகச் செல்லவில்லை. மலையுச்சி வழியே வந்த இருப்புப் பாதை அப்புத்தளையைத் தெரிந்தெடுத்தது. கீழேயிருந்த சந்தியைக் கைவிட்டது. வண்டிப் பாதையின் காலத்தில் மலைக்கு வாயிலாக நின்ற தென்சரிவு, புகையிரதக் காலத்திலே பக்கவழியாயிற்று. அப்புத்தளையும் பண்டாரவளையும் நிலையத்தைச் சுற்றி நகரங்களாகத் திரண்டன. நிலையம், சரக்கறை, தபாற் கந்தோர், அரிசிக் கடை, துணிக்கடை, அடகுக் கடை, ஓய்வு விடுதி என அவற்றின் அமைப்பு ஒரே வரிசையைப் பின்பற்றிற்று. அரிசியும் துணியும் விற்ற கடைகளுட் பல, தமிழகத்திலிருந்து வந்த வணிகருடையவை. முஸ்லிம் வணிகரும் சிங்கள வணிகரும் அவர்களுக்கு அருகே கடை விரித்தனர். இவ்வாறு உருவாகிய நகரங்கள் தோட்டங்களின் தேவைக்காக எழுந்தவை. எனினும், அவற்றின் ஒரு துண்டு நிலத்தையேனும் வாங்கும் நிலையில் தோட்டத் தொழிலாளர் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் வாகனம் பெருகியபோது நிலைமை ஓரளவு மாறியது. லொறியும் பேருந்தும் வண்டிப் பாதையை மீட்டெடுத்தன. 1958 இல் பேருந்துச் சேவை தேசியமயமாக்கப்பட்டது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பதுளை செல்லும் பேருந்துகள் ஏறும் இடமாகப் பெரகல மீண்டும் பெயர் பெற்றது. ஒரு சாதனம் ஒதுக்கிய ஊரை இன்னொரு சாதனம் மீட்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும். ஆயினும் அவ்வாறு மீட்கப்பட்டது சந்தியே. சந்திக்கு மேலும் கீழும் லயங்களில் வாழ்ந்தோரின் நிலை இரு சாதனங்களின் காலத்திலும் ஒன்றாகவே இருந்தது. இதற்கான காரணத்தை அறியத் தோட்டங்கள் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதை நோக்குதல் வேண்டும்.

தந்தி வழி முகாமை

தொலைவிலிருந்து பணிபுரிதலைக் கணினியுகத்தின் கண்டுபிடிப்பெனக் கருதுவோர் பெருந்தோட்டத்தின் நிருவாக முறையை நோக்குதல் தகும். இலங்கையில் தந்தி 1858 இல் கொழும்பையும் காலியையும் இணைத்துத் தொடங்கிற்று. 1870 இல் இங்கிலாந்தும் இந்தியாவும் கடலடிக் கம்பியால் இணைக்கப்பட்டன. அதன் பின்னர் இலண்டனில் கேட்கப்பட்ட விலையை இலங்கைத் தீவிலே அறிவதற்கு வாரக்கணக்கில் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டிய தேவை மறைந்தது. 1883 ஜூலையிலே கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1885 இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணை நிறைவுற்றது. ஏலம், துறைமுகம், தந்தி, புகையிரதம் ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் ஒன்று சேர்ந்தன.

இச்சேர்க்கையின் பயனாக, தோட்டத்தில் வாழ்ந்து தோட்டத்தை நடத்திய பழைய கோப்பித்துரையின் இடத்தைக் கம்பனி பிடித்தது. இலண்டனிற் பதிவுசெய்யப்பட்ட கம்பனியின் பங்காளர், தம் நிலத்தை ஒருமுறையேனும் காணாமலே இலாபம் பெற்றனர். கொழும்புக் கோட்டையிலிருந்த முகவர் நிறுவனங்கள் அவர்கள் சார்பிற் கணக்குப் பார்த்தன, சரக்கை விற்றன, துரையை நியமித்தன, இடையிடையே தோட்டங்களைப் பார்வையிட ஓர் அதிகாரியை அனுப்பின. மேற்பார்வையின் படிவரிசை இலண்டனில் தொடங்கி, கொழும்பு முகவர், பெரியதுரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என இறங்கிப் பிரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளியிடம் முடிந்தது. இவ்வரிசையிலே மேலே செல்லச் செல்ல நிலத்துக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட தூரம் கூடிற்று, உரிமையும் கூடிற்று. நிலத்துக்கு மிக அண்மையில் வாழ்ந்தவரிடம் உரிமை அறவே இருக்கவில்லை.

தொமஸ் லிப்ரன் இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாவார். கிளாஸ்கோ நகரில் பலசரக்குக் கடை தொடங்கிப் பெருவணிகரான அவர், 1890 இல் இலங்கைக்கு வந்து, கோப்பி வீழ்ச்சியால் விலை தாழ்ந்திருந்த தோட்டங்களை அப்புத்தளைப் பகுதியில் வாங்கினார். தம்பேத்தன்னைத் தொழிற்சாலை அக்காலத்தில் எழுந்ததாகும். அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் குன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தோட்டத்தையும் தொழிற்சாலையையும் விற்பனைக் கடையையும் ஒரே உடைமையில் இணைத்தமையே அவர் செய்த பெரும் மாற்றம். அப்புத்தளைக்குப் புகையிரதம் வருவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே நிலம் கைமாறிவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. பாதை வரும் என அறிந்தோர் பாதைக்கு முன்னரே நிலத்தை வாங்கிவிடுகின்றனர்.

அப்புத்தளையிலுள்ள அடிசம் மாளிகை இவ்வரலாற்றின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றது. கொழும்பின் மிகப் பழைய முகவர் நிறுவனங்களுள் ஒன்றான ஜோர்ஜ் ஸ்ரூவர்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்த சேர் தொமஸ் வில்லியர்ஸ் 1931 இல் அம்மாளிகையை எழுப்பினார். தலைநகரின் கந்தோரிலே பொருளீட்டியவர் குளிர்ந்த மலையுச்சியிலே இல்லம் அமைத்துக்கொண்டமைக்கு இருப்புப் பாதையும் தந்தியும் மோட்டார் வாகனமும் துணைபுரிந்தன. பிற்காலத்தில் அம்மாளிகை பெனடிக்ற் துறவியரின் மடமாயிற்று. தொழில் ஓரிடத்திலும் வாழ்வு வேறோரிடத்திலும் அமையலாம் என்னும் வசதி அன்றும் இருந்தது. அது உரிமையுடையோரின் வசதியாக இருந்தது.

லயத்தின் நிலைபேறு

கோப்பியும் தேயிலையும் தொழிலாளரைப் பொறுத்தவரை ஒன்றல்ல. கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர் பருவம் முடியத் திரும்பினர். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. பறித்த அன்றே தொழிற்சாலையைச் சேரவேண்டியது. வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவைத்தல், உலர்த்துதல் ஆகியவற்றுக்கு இயந்திரங்கள் வேண்டும். அவ்வியந்திரங்களுக்கு இடையறாது கொழுந்து வேண்டும். ஆகவே பெரிய நிலப்பரப்பும் தோட்டத்திலேயே நிலையாகத் தங்கும் தொழிலாளர் குடும்பங்களும் தேவைப்பட்டன. தொழிற்சாலையின் தொழில்நுட்பமே லயத்தை நிலைபெறச் செய்தது எனின் மிகையாகாது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறை, முன்னே ஒரு சிறு திண்ணை, தலைக்கு மேலே தகரம் என்ற அமைப்பில் வரிசையாகக் கட்டப்பட்ட லயம், வேலையோடு இணைக்கப்பட்ட வாழிடமாகும். வேலையுள்ளவரையே அறை. அறைக்கு உறுதி இல்லை. தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோர் வழியாகவே வந்தன. தோட்டத்து மக்கள் நிலத்தை ஏன் வாங்கவில்லை என வினவுவோர், அவர்களுக்கு நிலம் விற்கப்படும் சந்தையே திறக்கப்படவில்லை என்பதை உணர்தல் வேண்டும். 1921 வரை வழக்கிலிருந்த துண்டு முறை, கங்காணியின் கடன் தீரும்வரை தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லவும் விடாது கட்டிவைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் அரசியல் மாற்றங்கள் நிலத்தின் உடைமையாளரை மாற்றின, லயத்தை மாற்றவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். மறு ஆண்டிலே வாக்குரிமையையும் இழந்தனர். குடியுரிமை அற்றோருக்கு அரசின் காணிப் பங்கீட்டுத் திட்டங்களிலும் இடமிருக்கவில்லை. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. பதுளை நிலையத்திலும் அப்புத்தளை நிலையத்திலும் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய அதே புகையிரதம், தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்டோரையும் ஏற்றிச் சென்றது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு உச்சவரம்பு விதித்தது; 1975 இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. இலண்டன் பங்காளரின் இடத்தை அரசு கூட்டுத்தாபனங்கள் பிடித்தன. 1992 இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நிலவுடைமை அரசிடமே இருந்தது. ஆங்கிலேயத் துரை, அரசு அதிகாரி, கம்பனி முகாமையாளர் என மேலே இருந்தோர் மாறிய ஒவ்வொரு முறையும், லயத்திலிருந்தோர் அறையையும் அதன் உரிமையின்மையையும் அடுத்த தலைமுறைக்குக் கையளித்தனர்.

நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு பெருமளவில் முடிவுக்கு வந்தது. எனினும், குடியுரிமை பெற்றவர் நிலவுரிமையும் பெற்றவராகவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. அத்தடை 2018 இலேயே திருத்தத்தால் நீங்கியது.

மீரியபெத்தை

பெரகலயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில், கொஸ்லந்தைக்கருகே மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் காலையிலே மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றிருந்த குடும்பங்கள் சிலவற்றிலே அப்பிள்ளைகளே எஞ்சினர். புதையுண்டோரிற் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அச்சரிவு அபாயமானது என்பது எவரும் அறியாத செய்தியன்று. 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டோர் ஏன் அகலவில்லை என்னும் வினா அப்போது பலராலும் எழுப்பப்பட்டது. அகல்வதற்குச் செல்லிடம் வேண்டும். தமக்கென ஒரு துண்டு நிலமும் இல்லாதவருக்கு, தொழிலோடு இணைந்த அறையை விட்டு நீங்குவது தொழிலை விட்டும் நீங்குவதாகும். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2016 இல், தப்பியோருக்காகப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன.

மீரியபெத்தைக்கு மேலும் கீழும் உள்ள மலைச்சரிவுகளின் காட்சியைக் காணவே பயணிகள் இவ்வீதியில் ஏறி வருகின்றனர். ஒரே சரிவு ஒருவருக்குக் காட்சியாகவும் மற்றொருவருக்கு அச்சமாகவும் அமைகின்றது. காட்சிக்கு விலையுண்டு, அச்சத்துக்கு விலை கொடுப்பார் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்திலே மீண்டும் நிலச்சரிவுகளை ஏற்படுத்தியபோது இவ்வேறுபாடு மறுபடியும் வெளிப்பட்டது.

இணையம் கொணர்ந்த புதிய தொலைவு

இப்பின்னணியிலேயே இன்றைய மாற்றத்தை நோக்குதல் பொருந்தும். 2020 மார்ச்சில் நாடு ஊரடங்கில் மூழ்கியபோது, 1883 முதல் கொழும்பில் நேரிற் கூடி நடத்தப்பட்டுவந்த தேயிலை ஏலமும் தடைப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் அது முதன்முறையாக இணைய வழியில் நடைபெற்றது. தரகரும் வாங்குவோரும் தத்தம் வீட்டிலிருந்தே விலை கேட்டனர். அவ்வேலத்துக்குரிய தேயிலையை அனுப்பும் பொருட்டு, ஊரடங்கின்போதும் தோட்டங்களில் வேலை தொடர அனுமதிக்கப்பட்டது. ஏலத்தைக் கணினித் திரைக்கு மாற்றலாம். கொழுந்தை மலையில் நின்றே கிள்ளவேண்டும். தொலைவிலிருந்து செய்யத்தக்க தொழில், செய்யவியலாத தொழில் என்னும் பிரிவினை அன்று உலகெங்கும் பேசப்பட்டது. தேயிலைத் தொழிலிலோ அப்பிரிவினை ஒரே சரக்கின் இரு முனைகளிலே தெளிவாகக் காணப்பட்டது.

அதே வேளையில், கொழும்பிலே கடைகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் பணிபுரிந்துவந்த தோட்டத்து இளைஞர் பலர் தொழிலிழந்து லயங்களுக்குத் திரும்பினர். நகரம் மூடப்பட்டபோது ஒரு சாரார் தம் வேலையோடு வீடு சென்றனர். மற்றொரு சாரார் வேலையை இழந்து வீடு சென்றனர். இவ்விருசாராரையும் பிரித்தவை கல்வியும் கருவியும் மட்டுமல்ல. மேசை போட்டு அமர ஓர் இடம் உள்ள வீடும் ஆகும். பல தலைமுறையினர் நெருங்கி வாழும் ஓர் அறையிலே அலுவலகம் அமைப்பது எங்ஙனம்?

தொற்றுக் காலத்துக்கு முன்னரே எல்லவும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் பயணியர் நகரங்களாக மாறத் தொடங்கியிருந்தன. தேயிலைக்காக அமைக்கப்பட்ட இருப்புப் பாதை, காட்சிக்காகப் பயணிப்போரின் பாதையாயிற்று. ஒன்பது வளைவுப் பாலம் உலகெங்கும் அறியப்பட்ட படமாயிற்று. மடிக்கணினியுடன் வந்து வாரக்கணக்கில் தங்கிப் பணிபுரிவோரும் இவ்விருந்தினருள் அடங்குவர். எல்ல, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய இடங்களிலே வீதியோரக் காணிகளில் விடுதிகள் எழுந்துள்ளன. 1890 களில் நிலத்தின் பெறுமதி அது தரும் கொழுந்தாலும் நிலையத்துக்குள்ள தூரத்தாலும் அளக்கப்பட்டது. இன்று அப்பெறுமதியில் சாளரத்தின் வழியே தெரியும் மலையும் இணைய இணைப்பின் வேகமும் சேர்ந்துகொண்டன. விருந்தினருக்கு அறை விடத்தக்கவர் நிலத்துக்கு உறுதியுடையவரே. உறுதியைப் பிணைவைத்தே வங்கிக் கடன் பெறலாம். கடன் பெற்றே விடுதி கட்டலாம். உறுதியற்ற லயவாசி அவ்விடுதியின் சமையலறையிலோ தோட்டத்திலோ கூலிபெறுபவராக நிற்கின்றார்.

தொழில்நுட்பம் சிற்றூர்களுக்கு நன்மை பயக்க வழியே இல்லை என்பது இதன் பொருளன்று. தமிழகத்தில் தென்காசிக்கருகே மத்தளம்பாறையில் சோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011 இல் அலுவலகம் அமைத்து, சுற்றுவட்டார இளைஞரைப் பயிற்றி வேலையில் அமர்த்திற்று. மாநகரிலிருந்து மலையடிவாரத்துக்கு வேலை வந்தபோது, அங்குள்ளோர் தம் வீட்டில் இருந்துகொண்டே அதனைப் பெற முடிந்தது. ஊரிலே தமக்கென வீடுடையவர் வருகின்ற வாய்ப்பை ஊரில் இருந்தே பற்றிக்கொள்ளலாம். அத்தகைய வாய்ப்பு பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வருமாயின், தோட்டத்து இளைஞரும் அதனைப் பெறுவதற்குக் கல்வியும் இணைப்பும் வேண்டும். அவற்றோடு தமக்கென ஒரு முகவரியும் வேண்டும்.

முடிவுரை

கடந்த பத்தாண்டுகளில் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இந்திய அரசின் உதவியுடனும் வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. 2018 இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. 2023 இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாண்டு நிறைவையொட்டி, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளுள் நிலவுரிமையும் ஒன்றாகும். இவை நற்றொடக்கங்கள். ஆயினும் லயங்களில் வாழ்வோரின் தொகையை நோக்கும்போது அவை தொடக்கங்களாகவே உள்ளன.

ஊவாவின் வரலாறு காட்டும் பாடம் இதுவே. 1840 இல் சட்டம் நிலத்தை வரையறுத்தபோது உறுதியற்ற கிராமத்தவர் மலையை இழந்தனர். 1890 களில் புகையிரதம் வந்தபோது நிலத்தை ஏற்கெனவே பெற்றிருந்தோர் பயனடைந்தனர். இன்று இணையம் அதே மலைகளுக்கு மூன்றாவது முறையாக விலை வைக்கின்றது. விலை உயர்ந்த பின்னர் நிலத்தைப் பங்கிடுதல் கடினம்; ஒவ்வொரு பேர்ச்சசுக்கும் வேறு கேள்வியாளர் தோன்றிவிடுவர். ஆதலால் நிலவுரிமை பற்றிய முடிவு, எதிர்காலத்துக்கு ஒத்திவைக்கத்தக்க நலன்புரி விடயமன்று. இம்மாற்றம் முற்றுப்பெறுவதற்கு முன்னர் எடுக்கப்படவேண்டிய முடிவாகும்.

பெரகலச் சந்தியிலே இன்றும் பேருந்துகள் நின்று செல்கின்றன. மலையேறுவோர் அப்புத்தளையின் குளிரை நாடி இடப்புறம் திரும்புகின்றனர். நேரே இறங்கும் வீதி மீரியபெத்தையைக் கடந்து செல்கின்றது. இவ்விரு வழிகளும் ஒரே மலையைச் சுற்றியே செல்கின்றன. அம்மலையை ஒன்றரை நூற்றாண்டாகத் தம் கைகளாற் பண்படுத்தியவரின் வழித்தோன்றல்கள், அதிலொரு சிறு துண்டைத் தம்முடையதெனக் கூறும் நாளிலேயே தொலைவு உண்மையிற் சுருங்கியதாகக் கொள்ளலாம்.